காஞ்சிபுரத்துக்கும் ஷவர்மாவுக்கும் நடுவே ஒரு பட்டு நூல்!

காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் காமாட்சி அம்மன் தரிசனம். அப்புறம் காந்தி ரோடு. ஒரு கடையில் உட்கார்ந்து, நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லி, பெரியம்மாவுக்கு ஒரு கலர், மாமியாருக்கு ஒரு பார்டர் என்று தகராறு முடிவதற்குள் மதியம் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு இலைச் சாப்பாடு போதும். கூட வந்த 2கே கிட்ஸுக்குத்தான் பசி வேறு மாதிரி. சாயங்காலம் தெருமுனையில் ஒரு கம்பி சுற்ற ஆரம்பித்ததும், கண் அங்கே போய்விடும். 'அப்பா, ஒரு ஷவர்மா!'

பெயர்ப்பலகையில் அரேபியா, கல்லாவில் நம்மூர் அண்ணன், ரொட்டிக்குள் சிக்கன், முட்டைக்கோஸ், மயோனைஸ். தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் இதே காட்சிதான். காஞ்சிபுரத்தில் இதைப் பார்க்கும்போது மட்டும் கூடுதலாக ஒரு விஷயம் தோன்றுகிறது. அந்தக் கம்பியை உலகமெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர்கள் லெபனான்காரர்கள். அந்த லெபனான்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பக் காரணமாக இருந்தவற்றில் ஒன்று, பட்டு!

ஆமாம், புழு கூடு கட்டி, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிற அதே பட்டு.

மலை முழுக்க மல்பெரி

லெபனான் சின்ன நாடு. மொத்தப் பரப்பே 10,452 சதுர கிலோமீட்டர். மத்தியத் தரைக்கடல் ஓரமாக பெய்ரூட் நகரம். அதன் முதுகுப்பக்கம் எழும்பும் மலைத்தொடர். 19ஆம் நூற்றாண்டில் அந்த மலைக் கிராமங்களின் வாழ்க்கையே மல்பெரி இலையை நம்பித்தான் இருந்தது. அதற்கு நம் பக்கம் முசுக்கொட்டை என்ற பெயரும் உண்டு. சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி, மண் நிரப்பி மல்பெரி நட்டார்கள். வசந்த காலம் வந்தால் வீட்டின் ஒரு பகுதியே பட்டுப்புழுவுக்கு. தட்டுகளில் இலையைப் பரப்பி, வேளாவேளைக்குத் தீனி போட்டு, கூடு கட்டும் வரை ஒரு குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் சும்மா இருக்கும் கை ஒன்றுகூட இருக்காது.

பிரான்ஸின் லியோன் நகரம்தான் அப்போது ஐரோப்பாவின் பட்டு நெசவுத் தலைநகர். பிரான்ஸில் பட்டுப்புழுவுக்கு நோய் பரவி உற்பத்தி விழுந்தபோது (லூயி பாஸ்டரையே அரசாங்கம் அனுப்பி ஆராயச் சொன்ன நோய் அது) லியோன் முதலாளிகள் நூலுக்கு லெபனான் மலையை இன்னும் அதிகமாக நம்ப ஆரம்பித்தார்கள். 1840களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நூற்பாலை வைத்துவிட்டார்கள். முதல் உலகப் போர் தொடங்குவதற்குள் மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் வந்துவிட்டன.

அந்த ஆலைகளுக்கு 'கர்கானா' என்று பெயர். உருது பேசுகிறவர்களுக்குப் பழக்கமான அதே பாரசீகச் சொல்தான். கொதிக்கிற தொட்டிக்கு முன்னால் நின்று கூட்டிலிருந்து நூல் இழுத்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். வீட்டுக்கு வெளியே கூலிக்குப் போன முதல் தலைமுறைப் பெண்கள். அவர்கள் கொண்டுவந்த காசில் வீடு ஓடியது. ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்கள் வேலைக்குப் போன இடம் என்பதாலேயே 'கர்கானா' என்ற சொல், பிற்பாடு அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் கெட்ட வார்த்தையாகவே மாறிப்போனது. எந்த ஊராக இருந்தாலும், சம்பாதிக்கிற பெண் மீது முதலில் விழுவது பேச்சுதான் போலிருக்கிறது.

காஞ்சிபுரத்தோடு இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். காஞ்சியில் மல்பெரித் தோட்டம் கிடையாது. நூல் கர்நாடகாவிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஊரின் சொத்து தறியும் கைவேலையும்தான். லெபனான் மலையில் இதற்குத் தலைகீழ். இலை, புழு, நூல் எல்லாம் அவர்களிடம் இருந்தது. துணியாக நெய்து லாபம் பார்க்கும் இடம் பெரும்பாலும் லியோன். இரண்டு ஊரும் சங்கிலியின் நடுக் கண்ணிகள். விலை வேறு எங்கோ முடிவாகும். வேலை மட்டும் வீட்டுக்குள் நடக்கும்.

வீட்டுக்குள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், புடவையில் பெயர் போடாத கை எத்தனை என்று. பாவு இழைக்க ஒருவர், தார் சுற்ற ஒருவர். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவை என்றால், நாடாவை அந்தப் பக்கத்திலிருந்து வாங்கிப் போட இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் மனைவி, அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. கூலி ஒரு புடவைக்கு. உழைப்பு ஒரு குடும்பத்துக்கு.

இலை இருந்தது, சோறு இல்லை

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. சீனப் பட்டும் ஜப்பான் பட்டும் சுலபமாக ஐரோப்பா வர ஆரம்பித்தன. விலை இறங்கியது. மலையில் கடன் ஏறியது. மக்கள் கப்பல் ஏறினார்கள். 1860களிலிருந்து 1914 வரையிலான காலத்தில் லெபனான் மலைவாசிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறிவிட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். போன இடங்கள் பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, அமெரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா.

போகாமல் தங்கியவர்களுக்கு வந்தது அதைவிடக் கொடுமை. முதல் உலகப் போர். கடல் பக்கம் நேச நாடுகளின் முற்றுகை. நிலத்தின் பக்கம் ஒட்டோமான் அரசின் கெடுபிடி. 1915இல் வெட்டுக்கிளிப் படை. கோதுமை விளைய வேண்டிய நிலமெல்லாம் ஏற்கெனவே மல்பெரியாகியிருந்தது. தானியத்துக்கு வெளியூரை நம்பியிருந்த மலை அது. கப்பல் நின்றதும் சோறும் நின்றது. மல்பெரி இலையை மனிதன் தின்ன முடியாதே! 1915 முதல் 1918 வரையிலான அந்தப் பஞ்சத்தில் சுமார் 2 லட்சம் பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அந்த மரங்களிலும் ஏராளமானவை ரயில் எஞ்சினுக்கு விறகாக வெட்டப்பட்டன. போருக்குப் பிறகு பட்டுத் தொழிலைத் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். செயற்கைப் பட்டும் 1929இன் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அதை முடித்துவைத்தன. பெய்ரூட்டை ஒட்டியுள்ள ப்சூஸ் கிராமத்தில் ஒரு பழைய பட்டு ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

லெபனான் உணவகத்தில் மேசை நிறையத் தட்டு வருவதைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம். பசியில் கால்வாசி ஜனத்துக்கு மேல் பறிகொடுத்த மலையிலிருந்து வந்த மேசை அது என்று தெரிந்தபிறகு, அந்தத் தட்டுகளை அவ்வளவு சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

மூட்டை தூக்கிய அம்மா

கப்பலேறிய லெபனான்காரர்களில் நம் வீட்டு அலமாரி வரை வந்த ஒருவர் இருக்கிறார்: கலீல் ஜிப்ரான். 1923இல் வெளியான 'தி ப்ராஃபெட்' நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத புத்தகக் கண்காட்சியே கிடையாது. ப்ஷர்ரி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தவர். 1895இல் அம்மா கமீலா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் போனார். அங்கே அந்த அம்மா செய்த முதல் வேலை, லேஸையும் துணியையும் மூட்டை கட்டி வீடு வீடாக விற்றது. நம் ஊரில் தோளில் புடவை மூட்டையோடு, 'தவணையில் எடுத்துக்கோங்கம்மா' என்று வருவார்களே, அந்த வேலை.

ஆயிரக்கணக்கான லெபனான் குடும்பங்களின் வெளிநாட்டு வாழ்க்கை இப்படி மூட்டையில்தான் தொடங்கியது. மூட்டை தள்ளுவண்டியாகி, தள்ளுவண்டி கடையாகி, கடையின் பின்கட்டில் ஒரு அடுப்பு வந்தது. நூலோ தறியோ முதலோ இல்லாத வீட்டில் விற்கக்கூடிய கைவேலை என்று மிச்சம் இருப்பது சமையல்தானே!

பிரேசிலில் இன்று கிப்பே, எஸ்ஃபீஹா என்ற லெபனான் பலகாரங்கள் நம் டீக்கடை வடை மாதிரி. முன்னது மாவரைத்த கோதுமைக்குள் கறி வைத்துப் பொரிப்பது. பின்னது மேலே கறி தூவிச் சுடும் குட்டி ரொட்டி. சாப்பிடுகிறவர்கள் அதை பிரேசில் உணவு என்றே நினைக்கிறார்கள். மெக்சிகோவில் இன்னும் வேடிக்கை. அரபு நாட்டிலிருந்து போனவர்களின் சுழலும் கம்பி, ரொட்டியை விட்டுச் சோளத் தோர்த்தியாவுக்கு மாறி, ஆட்டுக்கறியை விட்டுப் பன்றிக்கறிக்கு மாறி, அன்னாசித் துண்டையும் சேர்த்துக்கொண்டு, 'டாக்கோஸ் அல் பாஸ்தோர்' ஆகிவிட்டது. அதைப் பார்க்கும்போது நம் ஊர்க் கம்பி சிக்கன் 65 மசாலா பூசிக்கொண்டதையும், குபூஸ் தீர்ந்தால் பரோட்டாவில் சுருட்டிக் கொடுப்பதையும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

1979: இரண்டு கடைகள்

லெபனானில் 1975இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. 1990 வரை நீண்டது. இன்னொரு அலை கிளம்பியது. தனியோஸ் - மேரி அபி-நஜ்ம் தம்பதி 1976இல் ஐந்து பிள்ளைகளோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். 1979இல் வாஷிங்டனை ஒட்டியுள்ள ஆர்லிங்டனில் ஒரு பழைய உணவகத்தை வாங்கினார்கள். அது கிரேக்கப் பெயரில் இருந்த 'டவெர்னா'. புதுப் பெயர்ப்பலகை வைக்கக் காசில்லை. அதனால் பலகையில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் மாற்றினார்கள். 'லெபனீஸ் டவெர்னா' ஆயிற்று. டவெர்னா என்பது லெபனான் சொல்லே இல்லை என்பது வேறு விஷயம்! கடையோடு வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு பொறுப்பேற்று அதைப் பல கிளைகளாக்கினார்கள்.

அதே 1979இல், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், கார்ல்டன் பகுதியில் ஆப்லா அமாட் என்ற அம்மா ஒரு உணவகம் திறந்தார். வடக்கு லெபனான் கிராமத்திலிருந்து 1954இல் வந்தவர். சமையல் பள்ளி எதற்கும் போனவர் இல்லை. வீட்டுப் பெண்களிடம் பார்த்துக் கற்றது. வருகிறவர்களுக்கு வீட்டில் ஆக்கிப் போட்டுப் பழகியது. 'ஆப்லாஸ்' என்று தன் பெயரையே வைத்தார். கோழியும் பாதாமும் சேர்ந்த சோறு அந்தக் கடையின் அடையாளம். அவர் எழுதிய சமையல் புத்தகமும் ஆஸ்திரேலியாவில் பிரபலம்.

இரண்டு கடையிலும் தெரிவது ஒரே சூத்திரம்தான். அம்மாவின் கை, அப்பாவின் கல்லா, பிள்ளைகளின் கால். தறி வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. உணவகத்தில் சமைத்தவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவே யாரும் இல்லை. 'நன்றாக இருந்தது' என்ற சொல்லும் காசும் ஒரே கையில் வந்து விழுகின்றன. காஞ்சிப் புடவையைக் கட்டிக்கொண்டு மணமேடையில் உட்காரும் பெண்ணுக்கு அதை நெய்தவர் யாரென்று தெரியாது. நெய்தவருக்கும் அந்தக் கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்று தெரியாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் கம்பெனி பஸ்ஸில் ஏறும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் 'பாரம்பரியத்தை விட்டுட்டுப் போறியே' என்று உபதேசம் செய்கிறவர்கள், இந்த இடைவெளியைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

மெனு கார்டைப் பார்த்து மிரளாதீர்கள்

சென்னையிலோ, துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன இடத்திலோ, ஒருநாள் லெபனான் உணவகத்தில் உட்கார நேர்ந்தால் என்ன சொல்வது? வாயில் நுழையாத பெயர்கள்தான் பயமுறுத்தும். தட்டில் வருவது பாதி நம் சமையலறைச் சரக்கு.

முதலில் ரொட்டி வரும். அப்புறம் 'மெஸ்ஸே' என்ற சின்னச் சின்னத் தட்டுகள். ஆளுக்கு ஒரு பிளேட் என்ற கணக்கே கிடையாது. நடுவில் வைத்து எல்லோரும் எடுக்க வேண்டும். ரொட்டியைக் கிள்ளி, அதையே கரண்டியாக்கி அள்ளுவார்கள். தோசையைக் கிள்ளிச் சட்னி தொடும் நமக்கு இது கைவந்த கலை. சூடில்லாத தட்டுகள் முதலில், சூடானவை அடுத்து, சுட்ட கறி கடைசியில். நான்கு பேர் போனால் மெஸ்ஸே நான்கைந்து வகையும், கிரில் ஒன்றும் போதும். எடுத்த எடுப்பில் கிரில் பிளாட்டர் நான்கு சொல்லிவிட்டுப் பிறகு பில்லைப் பார்த்து முழிக்க வேண்டாம்.

சைவக் குடும்பங்கள் தயங்கவே வேண்டாம். லெபனானில் மாரோனைட் கிறிஸ்தவர்கள் தவக்கால விரதத்தில் கறி, பால், முட்டை தொடாமல் இருப்பது பழைய வழக்கம். அதற்காகவே எண்ணெயில் செய்யும் காய், பயறு வகைகள் ஏராளம். அசைவத்துக்குப் பதிலாக ஒப்புக்குச் செய்தவை இல்லை, தலைமுறை தலைமுறையாக விரதச் சமையலில் தேறியவை. உதாரணம், முஜத்தரா. முழு மசூர்ப் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே வெங்காயத்தைக் கருகும் பதத்துக்குப் பொரித்துக் கொட்டுவார்கள். பைபிளில் ஏசா தன் மூத்த மகன் உரிமையையே விற்றுக் குடித்த பயற்றங்கூழோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நம் பருப்புச் சாதத்துக்குத் தூரத்துப் பங்காளி.

தபூலே என்பது கொத்தமல்லிக்கு உறவான பார்ஸ்லி கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி, தக்காளி, புதினா, எலுமிச்சை, கொஞ்சமே கொஞ்சம் உடைத்த கோதுமை சேர்ப்பது. கோதுமை தூக்கலாகவும் கீரை குறைவாகவும் வந்தால் அந்தக் கடையில் யாரோ சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். பாபா கனூஜ், நெருப்பில் சுட்ட கத்தரிக்காய். நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலில் புளிக்குப் பதில் எலுமிச்சையும் எள் விழுதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுகிறவர் 'ஸஹ்தைன்' என்பார். இரட்டை ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று பொருள். ஒன்று போதாதாம்!

ஹம்மஸுக்கு ஒரு சண்டை

எல்லாவற்றுக்கும் ராஜா ஹம்மஸ்தான். சுண்டலுக்கு ஊறவைக்கிற அதே வெள்ளைக் கொண்டைக்கடலை, எள் விழுது, எலுமிச்சை, பூண்டு, உப்பு. அவ்வளவே. இந்த அவ்வளவுக்காக இரண்டு நாடுகள் சண்டை போட்டிருக்கின்றன.

இஸ்ரேல் கம்பெனிகள் ஹம்மஸை டப்பாவில் அடைத்து உலகச் சந்தையில் விற்க ஆரம்பித்ததும் லெபனானுக்குக் கோபம் வந்தது. 2008இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கத் தலைவராக இருந்த ஃபாதி அப்பூத், ஹம்மஸ் என்ற பெயருக்கு லெபனான் உரிமை கோர வேண்டும் என்று கிளம்பினார். வழக்கு நகரவில்லை. அந்தப் பக்கம் முழுக்கவே காலங்காலமாகச் சாப்பிடும் பொருளுக்கு ஒரு நாடு எப்படி உரிமை கொண்டாடும்? உடனே போட்டி கின்னஸ் பக்கம் திரும்பியது. அவர்கள் ஒரு ராட்சதத் தட்டு செய்ய, இவர்கள் அதைவிடப் பெரிதாகச் செய்ய, கடைசியில் 2010 மே மாதம் லெபனான் சமையல்காரர்கள் சுமார் 300 பேர் சேர்ந்து 10,452 கிலோ ஹம்மஸ் செய்தார்கள். அந்த எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நாட்டின் பரப்பளவு! சதுர கிலோமீட்டருக்கு ஒரு கிலோ.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்தக் கோபம் புரியும். காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. லெபனான் ஹம்மஸுக்குக் கேட்டுக் கிடைக்காத காவல் அது. கிடைத்தும் என்ன? விசைத்தறியில் நெய்து, கலப்பு ஜரிகை போட்டு, 'காஞ்சிப் பட்டு' என்றே விற்பது நின்றுவிடவில்லை. சான்றிதழ் இல்லாத ஹம்மஸ் வீட்டு அம்மாக்களின் கையில் பத்திரமாக இருக்கிறது. சான்றிதழ் உள்ள புடவை, தறியில் உட்கார அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது. புடவை வாங்குகிறவர் சில்க் மார்க் இருக்கிறதா, கைத்தறி முத்திரை இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்தில் என்ன விலை என்று பத்து நிமிடம் கேட்டால், அந்தக் காகிதத்துக்குக் கொஞ்சம் உயிர் வரும்.

வீட்டில் ஹம்மஸ் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: கடலையை இரவே ஊறவையுங்கள். சிட்டிகை சோடா உப்பு போட்டுக் குக்கரில், சுண்டல் பதத்தைத் தாண்டி, விரலில் நசுக்கினால் குழையும் வரை வேகவிடுங்கள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் லேசாக வறுத்துத் தனியாக விழுதாக்குங்கள். சிவக்க வறுத்தால் எள்ளுருண்டை வாசனை வந்துவிடும். எல்லாம் சேர்த்து மிக்ஸியில் ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். மேலே ஆலிவ் எண்ணெய். நல்லெண்ணெய் ஊற்றினால் அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும்.

மயோனைஸ் எங்கிருந்து வந்தது?

மறுபடியும் தெருமுனைக் கம்பிக்கு வருவோம். ஷவர்மா என்ற பெயரே 'சுழற்றுவது' என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டோமான் காலத்துக் கம்பி, லெபனான் வழியாக வளைகுடாவுக்குப் போய், அங்கே வேலைக்குப் போன மலையாளிகளும் தமிழர்களும் ருசி கண்டு, கேரளா வழியாக நம் ஊருக்கு வந்து இறங்கியது. வந்த வழியில் எங்கோ கூடச் சேர்ந்துகொண்டதுதான் மயோனைஸ். பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்துச் செய்வது. நம் வெயிலில், திறந்த டப்பாவில், மணிக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி. இரண்டு செய்தியும் எல்லா வீட்டு வாட்ஸ்அப்பிலும் வந்தவைதான். கேரள அரசு அதே 2022இல், ஷவர்மா பார்சல் மீது தயாரித்த தேதி, நேரம், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவற்றை அச்சிட வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதிக்கப்பட்டது.

தடை வந்தபோது 'மயோனைஸ் இல்லாம ஷவர்மாவா?' என்று மீம்ஸ் பறந்தன. லெபனானில் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே சிக்கன் ஷவர்மாவுக்குப் பழைய ஜோடி 'தூம்'. அரபியில் பூண்டு என்று அர்த்தம். வெள்ளை வெளேரென்று மயோனைஸ் மாதிரியே இருக்கும். முட்டை துளியும் கிடையாது. வெறும் பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய். முட்டை சாப்பிடாத வீட்டிலும் செய்யலாம்.

கடையில் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதிகமில்லை. கம்பியில் இருக்கும் கறி நெருப்பின் பக்கம் நன்றாகச் சுட்டபிறகு சீவுகிறார்களா? சீவியதை மறுபடி கல்லில் போட்டுப் புரட்டுகிறார்களா? உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கம்பி அணைந்து அணைந்து எரிந்தால் அந்தக் கடையை அன்றைக்கு விட்டுவிடலாம். வெள்ளை சாஸ் எதில் செய்தது என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் பிள்ளைக்கு வாங்கித் தராதீர்கள். பார்சல் வாங்கி, புடவைப் பைகளோடு காரில் வைத்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும் சாப்பிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தூம் வீட்டில் செய்ய: தோலுரித்த பூண்டு அரை கப், உப்பு ஒரு டீஸ்பூன் மிக்ஸியில் மைய அரையுங்கள். பூண்டுப் பல்லின் நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிடுங்கள், கசப்பு அதில்தான். மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும்போதே மணமில்லாத சூரியகாந்தி எண்ணெயை, நூல் மாதிரி, மெல்லிய இழையாக விட்டுக்கொண்டே வாருங்கள். நடுநடுவே எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன். மொத்தம் ஒன்றரை கப் எண்ணெய் பிடிக்கும். அவசரப்பட்டு ஊற்றினால் திரிந்து எண்ணெய் தனியாக நின்றுவிடும். மிக்ஸி சூடானால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். சுட்ட சிக்கனுக்கும், வறுத்த உருளைக்கிழங்குக்கும், ஏன், மிளகும் சீரகமும் போட்ட காஞ்சிபுரம் குடலை இட்லிக்கும்கூடத் தொட்டுக்கொள்ளலாம். இட்லிக்கு மட்டும் கொஞ்சமாகத் தொடுங்கள், காரம் தலைக்கேறும்.